சுவரில் ஒட்டின கறுப்பு

பழைய பிறந்தநாள் அல்பம் ஒன்றைத் திறந்து பாருங்கோ. கேக்குக்குப் பின்னால் நிற்கிற எல்லாருக்கும் காதோரமாய்ச் சுவரில் ஒரு கறுப்பு நிழல் ஒட்டியிருக்கும். அந்த நிழலுக்கும் வரலாறு இருக்குது.

1887இல் ஜேர்மனியில் மீதே, கேடிக்கே என்ற இருவர் மக்னீசியம் கலந்த பிளாஷ் தூளைச் செய்தார்கள். செய்தியைப் பத்திரிகையில் பார்த்த நியூயோர்க் பொலிஸ் செய்தியாளர் ஜேக்கப் ரீஸ், இரவில் ஏழைகளின் குடியிருப்புகளுக்குள் போய், பொரிக்கிற சட்டியில் தூளைக் கொளுத்திப் படம்பிடித்தார். இரண்டு தரம் வீட்டுக்கும் ஒருதரம் தனக்கும் நெருப்பு வைத்துக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். பேயார்ட் தெரு அறையொன்றில் ஐந்து சதம் கொடுத்துப் படுத்திருந்த ஆக்கள் அரைத் தூக்கத்தில் கண்கூச முழிக்கிறார்கள். 1890இல் அவருடைய புத்தகம் வந்த பிறகுதான் அந்த இருட்டு பலருக்குத் தெரிந்தது. அது சரி, படுத்திருந்தவர்களுக்குச் சம்மதம் சொல்ல நேரம் கிடைத்திருக்குமா? எங்களுக்கு அந்தப் படங்களை நிம்மதியாய்ப் பார்க்க முடியிறதில்லை.

ரீஸின் சட்டி கமராவோடு ஒட்டியிருக்கவில்லை; விரும்பிய பக்கம் பிடிக்கலாம். பிறகு பல்ப் வந்தது, இலத்திரனியல் பிளாஷ் வந்தது. 1975இல் கொனிக்கா சி35 ஈஎஃப் பிளாஷைக் கமராவின் உடம்புக்குள்ளேயே வைத்துப் பரவலாக விற்பனைக்கு வந்தது. படம்பிடிக்க ஸ்ரூடியோக்காரர் தேவையில்லை என்றாச்சு. ஆனால் நகமளவு வெளிச்சம், அதுவும் லென்ஸுக்குப் பக்கத்திலேயே. சின்ன வெளிச்சம் கூர்மையான நிழலைத்தான் போடும்.

தப்ப வழி இருக்குது. ஆளைச் சுவரிலிருந்து முன்னுக்கு எடுங்கோ. ஆள் ஒரு மீற்றரிலும் சுவர் இரண்டு மீற்றரிலும் இருந்தால், சுவருக்குக் கிடைப்பது கால்வாசி வெளிச்சம்தான். மங்கிய சுவரில் நிழல் எடுபடாது. கமராவை நிமிர்த்திப் பிடித்தால் பிளாஷ் பக்கவாட்டுக்குப் போய், நிழலும் பக்கத்துக்குப் பாயும். அப்போது முகம் திரும்பியிருக்கிற பக்கமே பிளாஷ் வரட்டும். நிழல் தலைக்குப் பின்னால் போய்விடும். ரிஷ்யூ ஒட்டினால் சரி என்று சொல்லுறது பாதிதான் உண்மை: வெளிச்சம் குறையும், ஆனால் அதன் அளவு பெரிசாகாது. அதைவிட நைட் மோட் நல்லது. ஷட்டர் கொஞ்சம் கூடநேரம் திறந்திருக்க, அறையின் சொந்த வெளிச்சம் சுவரை நிரப்பும். ஆக்கள் மட்டும் அசையாமல் நிற்கவேணும். சின்னப்பிள்ளையள் நிற்கிற படத்தில் அது நடக்கிற காரியமில்லை.