வட்டுக்கோட்டைப் பிள்ளைகளும் அவர்களுடைய விசுவாசமும்

அன்புள்ள பழைய மாணவர்களுக்கும் சொந்தபந்தங்களுக்கும்,

போன கிழமை ஒரு பழைய மாணவன் கேட்டிருந்தான்: "சேர், மிசன் பள்ளிக்கூடங்களில் படித்த எங்கட பாட்டன் பூட்டன்மார் உண்மையில் விரும்பித்தான் வேதத்துக்கு வந்தவையா? இல்லாட்டி சோத்துக்கும் இங்கிலீசுக்குமா?" இரண்டு வரியில் பதில் எழுதிவிட்டுப் போகக்கூடிய கேள்வி இல்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாக வாசியுங்கள்.

அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816-இல். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துப் பழைய தேவாலயக் கட்டடங்களில் குடியேறினார்கள். முதலில் ஊர்ப் பள்ளிக்கூடங்கள், பிறகு தங்கிப் படிக்கும் விடுதிப் பள்ளிக்கூடங்கள், 1823-இல் வட்டுக்கோட்டைச் செமினரி, 1824-இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலை என்று வேலை வளர்ந்தது. செமினரியின் முதல் அதிபர் டானியல் பூவர். தமிழ், ஆங்கிலம், கணிதம், வானசாஸ்திரம் என்று அங்கே படிப்பித்த பாடங்கள் அந்தக் காலத்து ஆசியாவில் வேறெங்கும் இலகுவில் கிடைக்காதவை.

இந்த விடுதிப் பிள்ளைகளின் செலவை யார் கொடுத்தது? அமெரிக்காவிலிருந்த சாதாரண சபை மக்கள். ஒரு பிள்ளையின் சாப்பாடு, உடுப்பு, படிப்புக்கு வருடாந்தம் பணம் அனுப்புவார்கள். அனுப்புகிறவர் தாம் விரும்பிய பெயரை அந்தப் பிள்ளைக்கு வைக்கச் சொல்லலாம். 1841-இல் தொடங்கிய 'உதயதாரகை' பத்திரிகையின் முதல் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டினும் செத் பேசனும் அசல் யாழ்ப்பாணத் தமிழர்கள். பெயர்கள்தான் கடல் கடந்து வந்தவை. உங்களில் சிலருடைய வீட்டுப் பெயரிலும் இன்றைக்கும் ஒரு அமெரிக்கப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதன் தொடக்கம் பெரும்பாலும் இங்கேதான்.

1824-இல் இந்தப் பள்ளிக்கூடங்களில் ஒரு பெரிய எழுப்புதல் நடந்தது. தெல்லிப்பழையிலும் உடுவிலிலும் வட்டுக்கோட்டையிலும் பிள்ளைகள் தாங்களாகவே கூடி ஜெபித்தார்கள். கூடப் படிக்கிற பிள்ளைகளிடம் பேசினார்கள், வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனிடமும் சொன்னார்கள். சில வீடுகளில் அடி விழுந்தது. சில வீடுகளில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் நிற்பாட்டினார்கள். அடி வாங்கியும் தன் எண்ணத்தில் நின்ற ஒரு பெடியனைப் பார்த்து "சோத்துக்கு வந்தவன்" என்று சொல்லுவது நியாயம் இல்லை.

ஆனால் மற்றப் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் அது சரித்திரம் ஆகாது. சாப்பாடும் உடுப்பும் கொடுக்கிற கையும் படிப்பிக்கிற கையும் ஞானஸ்நானம் கொடுக்கிற கையும் ஒரே கையாக இருந்தது. செமினரியில் படித்தவனுக்கு அரசாங்க உத்தியோகம் காத்திருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் பதினைந்து வயதுப் பிள்ளை சொல்லும் "ஆம்" எவ்வளவு சுயாதீனமானது என்று கேட்க ஊராருக்கு உரிமை இருந்தது. சாதி விசயத்திலும் மிசன் ஆரம்பத்தில் ஊருக்கு விட்டுக்கொடுத்துத்தான் போனது. அதையும் மறைக்கக்கூடாது.

அந்தக் கேள்வியை வலுவாகக் கேட்டவர் நல்லூர் ஆறுமுக நாவலர். வெஸ்லியன் மிசன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். பீற்றர் பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து வேதாகம மொழிபெயர்ப்புக்கு உதவியவர். 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். திருநீறு பூசி வந்த சைவப் பிள்ளைகள் ஒரு மிசன் பாடசாலையிலிருந்து வெளியேற்றப்பட்ட பிறகு, 1872-இல் சைவப் பிள்ளைகளுக்கென்று ஆங்கிலப் பாடசாலை ஒன்றையும் திறந்தார். ஒரு கிறிஸ்தவனாக இருந்துகொண்டு சொல்லுகிறேன், அந்தப் பிள்ளைகளின் நெற்றியில் இருந்த திருநீற்றுக்காக நாவலர் நின்றது நியாயம். என் பிள்ளை பள்ளிக்கூடத்தில் ஜெபிக்கலாம் என்றால், பக்கத்து வாங்கில் இருக்கிற பிள்ளை திருநீறு பூசி வரலாம். ஒன்றைக் கேட்டுக்கொண்டு மற்றதை மறுக்க முடியாது.

1855-இல் செமினரியை மிசனே மூடிவிட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த மேலதிகாரிகள் கணக்குப் பார்த்தார்கள். ஆங்கிலம் படித்தவர்கள் உத்தியோகத்துக்குப் போகிறார்கள், ஊழியத்துக்கு வருகிறவர்கள் குறைவு என்று முடிவு செய்தார்கள். அவர்கள் கணக்கில் அது நட்டம். நம் கணக்கில் வேறு மாதிரி. 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும். இருவரும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள், இருவரும் பிறகு சைவராக வாழ்ந்தவர்கள். தாமோதரம்பிள்ளை ஏடு தேடி அலைந்து கலித்தொகையைப் பதிப்பித்த கதை உங்களுக்குத் தெரியும். வகுப்பில் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்!

இனித்தான் முக்கியமான பகுதி.

செமினரி மூடியதும் ஊர் சும்மா இருக்கவில்லை. பழைய மாணவர்களும் உள்ளூர்ச் சபையாரும் உயர்கல்விக்கு ஓர் இடம் வேண்டும் என்று விடாமல் கேட்டார்கள், பணமும் சேர்த்தார்கள். 1872-இல் அதே வட்டுக்கோட்டை வளவில் யாழ்ப்பாணக் கல்லூரி பிறந்தது. இந்த முறை கேட்டதும் நம் ஆட்கள், பொறுப்பில் பங்கெடுத்ததும் நம் ஆட்கள்.

அங்கே 1884-இல், பிராங்க் சாண்டர்ஸ் என்ற இளம் அமெரிக்க ஆசிரியரின் தூண்டுதலால் மாணவர்களுக்கான ஒரு வை.எம்.சி.ஏ. சங்கம் தொடங்கியது. ஆசியாவின் முதல் கல்லூரி வை.எம்.சி.ஏ. என்று அதைச் சொல்லுவார்கள். ஆசிரியர் தூண்டிவிட்டாலும் நடத்தியது மாணவர்கள். சேர்ந்து ஜெபிப்பது, வேதம் வாசிப்பது, சுற்றுவட்டாரத்தில் ஞாயிறு பள்ளிக்கூடம் நடத்துவது அவர்கள் வேலை. பக்கத்துத் தீவொன்றிலும் ஊழியம் தொடங்கி, அதற்கான பணத்தைத் தங்கள் செலவைக் குறைத்தும் தோட்டம் செய்தும் சேர்த்தார்கள்.

1824-க்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். அங்கே பணம் பொஸ்ரனிலிருந்து வந்தது. இங்கே மாணவன் தன் கையால் மண்வெட்டி பிடித்துச் சேர்த்த பணம். அங்கே சொன்னவர் படிப்பும் சாப்பாடும் கொடுக்கும் துரை. இங்கே சொன்னவன் கூடப் படிக்கிறவன். கூடப் படிக்கிறவனிடம் "எனக்கு வேண்டாமடா" என்று சொல்லிவிட்டு, பின்னேரம் அவனோடேயே பந்தடிக்கப் போகலாம்.

வீடுகளும் துணை நின்றன. நம் அம்மம்மாமார் சோறு வைக்க அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார்களே, அந்தப் பிடியரிசிக் காணிக்கை வெறும் சடங்கு இல்லை. யாழ்ப்பாணத்திலும் திருநெல்வேலியிலும் பல ஊழியங்கள் அப்படிப்பட்ட சிறு காணிக்கைகளில்தான் நடந்தன.

அந்த நூற்றாண்டு திரும்புகிற காலத்தில் யாழ்ப்பாணத்து மாணவர்களும் இளைஞர்களும் சேர்ந்து 'அயல்நாட்டு' மிசன் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். அயல்நாடு என்றால் எங்கே? பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம், தொண்டி! இராமநாதபுரம் கரையில் உள்ள அதே தொண்டிதான். 1834-இல் அமெரிக்க மிசன் மதுரையில் வேலை தொடங்கியபோதும் யாழ்ப்பாணத்திலிருந்துதான் போனது. ஆனால் அது வெள்ளைக்கார மிசனின் ஏற்பாடு. தொண்டிக்குப் போனது தமிழர் பணம், தமிழர் முடிவு.

1902-இல் திருநெல்வேலியிலிருந்து ஒரு வாலிபர் யாழ்ப்பாணம் வந்தார். வெள்ளாளன்விளையில் பிறந்தவர், அப்போது 28 வயது, வை.எம்.சி.ஏ. செயலாளர். பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. சின்ன யாழ்ப்பாணம் தன் காசில் கடல் கடந்து ஆளனுப்புவதைக் கண்டு, அதைவிடப் பெரிய திருநெல்வேலிச் சபை ஏன் சும்மா இருக்கிறது என்று யோசித்தார். ஊர் திரும்பி நண்பர்களைக் கூட்டினார். 1903 பெப்ரவரி 12-ஆம் திகதி திருநெல்வேலி இந்திய மிசனரிச் சங்கம் பிறந்தது. அவர்களுடைய ஊழியக் களம் நிசாம் ஆட்சியிலிருந்த தோர்ணக்கல். 1912-இல் அசரியா அதே தோர்ணக்கலுக்குப் பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்தான். இந்தப் பெரிய மரத்தின் ஒரு வேர் வட்டுக்கோட்டை மாணவர்களுடைய தோட்டத்து மண்ணில் இருக்கிறது. பாடப் புத்தகங்கள் இதைச் சொல்வதில்லை.

இன்னொரு கிளையும் உண்டு. 1924-இல் ஹண்டி பேரின்பநாயகம் என்ற யாழ்ப்பாணக் கல்லூரி ஆசிரியரும் அவரைச் சார்ந்த இளைஞர்களும் மாணவர் காங்கிரசைத் தொடங்கினார்கள். அதுதான் பிறகு யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் ஆனது. பேரின்பநாயகம் கிறிஸ்தவர். கூட நின்றவர்களில் சைவரும் உண்டு, கிறிஸ்தவரும் உண்டு. 1927-இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தது அவர்கள்தான். பள்ளிக்கூடங்களில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக இருக்கவும் சேர்ந்து சாப்பிடவும் வேண்டும் என்று போராடியதும் அவர்கள்தான். நூறு வருடத்துக்கு முன் மிசன் விட்டுக்கொடுத்த இடத்தில் இந்த இளைஞர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. விசுவாசத்தைப் பகிர்வது என்றால் துண்டுப்பிரசுரம் கொடுப்பது மட்டும் இல்லை என்று அவர்களைப் பார்த்து நான் விளங்கிக்கொண்டேன்.

ஆகவே கேள்வி கேட்ட பிள்ளைக்கு என் பதில் இது. சோத்துக்கு வந்தவர்களும் இருந்திருக்கலாம், உயிரைக் கொடுக்கத் தயாராக வந்தவர்களும் இருந்தார்கள். ஒருவருடைய மனதை இருநூறு வருடம் கழித்து நாம் அளக்க முடியாது. ஆனால் ஒரு பள்ளிக்கூடத்தில் விசுவாசம் நேர்மையாகப் பகிரப்படுகிறதா என்று பார்க்க வழி இருக்கிறது. பணம் யார் கொடுக்கிறார்? வேண்டாம் என்று சொன்ன பிள்ளைக்குப் பிறகு ஏதாவது குறைகிறதா? மற்றச் சமயத்துப் பிள்ளைக்கும் அதே இடம் கிடைக்கிறதா? கனடாவிலும் லண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் பிள்ளை வளர்க்கிற நீங்கள், உங்கள் பிள்ளை பள்ளிக்கூடத்தில் ஜெபக் குழுவில் சேரும்போதும், பக்கத்து வீட்டுப் பிள்ளை தன் சமயத்தைப் பற்றிப் பேசும்போதும் இதே கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பழைய பெட்டிகளில் ஞானஸ்நானச் சான்றிதழ், பள்ளிக்கூடப் படம், சங்கத்து ரசீது ஏதாவது இருந்தால் எறிந்துவிடாதீர்கள். படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். உங்கள் பூட்டனின் பெயருக்கு முன்னால் ஒரு அமெரிக்கப் பெயர் இருந்தால் அது யாருடையது என்று சேர்ந்து தேடிப் பார்ப்போம். இடப்பெயர்வுகளில் எவ்வளவோ அழிந்துபோய்விட்டது. மிஞ்சியதையாவது காப்பாற்றுவோம்.

எல்லோரும் சுகமாயிருங்கள்.

அன்புடன்,
உங்கள் சரித்திர ஆசிரியர்