எறிபாதை: வளைவு மட்டும் போதுமா?



எறிபாதை என்றால் என்ன என்று கேட்டால், நம் மாணவர்கள் பலர் உடனே ஒரு பரவளைவை வரைந்து காட்டுவார்கள். படம் சரிதான். ஆனா அது பாதி விடைதான். மீதியைக் கண்டுபிடிக்க ஐரோப்பிய அறிஞர்களுக்கே நூறு ஆண்டு பிடித்தது.

1537-இல் இத்தாலியக் கணித அறிஞர் தார்த்தாக்லியா, பீரங்கிக் குண்டு போகும் வழியைப் பற்றி நூல் வெளியிட்டார். 45 பாகைச் சாய்வில் சுட்டால்தான் குண்டு அதிகத் தூரம் போகும் என்று சொன்னார். ஆனால் அவர் வரைந்த பாதையைப் பாருங்க: முதலில் நேர்க்கோடு, நடுவில் வட்ட வில், கடைசியில் செங்குத்தான நேர்க்கோடு. குண்டு எந்த நொடியில் எங்கே இருக்கும் என்ற கணக்கு அதில் இல்லை.

1638-இல் கலிலியோ அந்தக் கணக்கைக் கொண்டுவந்தார். கிடையாக எறிந்த பொருள் பக்கவாட்டில் சீரான வேகத்தில் போகிறது. அதே நேரத்தில் கீழ்நோக்கி வேகம் கூடிக்கூடி விழுகிறது. இரண்டையும் ஒரே நேரத்தோடு இணைத்தபோது பரவளைவு கிடைத்தது.

நீங்களே போட்டுப் பாருங்க. உயரமான இடத்திலிருந்து நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் கல்லைக் கிடையாக எறிகிறோம். காற்றுத் தடை இல்லை, ஈர்ப்பு முடுக்கம் 10 என்று வைத்துக்கொள்வோம்.

கிடைத்தூரம் = 20 × நேரம்
வீழ்ச்சி = 5 × நேரம்²

நேரத்தை நீக்கினால், வீழ்ச்சி = கிடைத்தூரம்² ÷ 80.

இப்ப அதே கல்லை நிலவில் நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் எறியுங்கள். அங்கே ஈர்ப்பு முடுக்கம் சுமார் 1.6. நேரத்தை நீக்கினால் அதே சமன்பாடு, அதே வளைவு! ஆனால் 40 மீட்டர் தூரத்தைக் கடக்கப் பூமியில் 2 நொடி, நிலவில் 5 நொடி. வளைவை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியாது.

சுபாங் விமான நிலையத்தில் இறங்கும் விமானங்களும் ஒரே பாதையில் ஒன்றன் பின் ஒன்றாக வரலாம். அவை மோதாமல் இருக்க நேர இடைவெளி வேண்டும்.

ராக்கெட்டுக்கு இது இன்னும் முக்கியம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவச் சுற்றுப்பாதைக்குப் போகும் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் நேராகத் தெற்கே பறந்தால் இலங்கைக்கு மேலே போகும். எரிந்து முடிந்த பாகங்கள் மக்கள்மீது விழும் ஆபத்து உண்டு. அதனால் முதலில் தென்கிழக்கே கடலுக்கு மேல் பறந்து, குறித்த நேரத்தில் தெற்கே திரும்புகிறது. இந்தத் திருப்பத்துக்கு எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். சுமக்கக்கூடிய எடை குறையும். தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதற்கு இதுவே முக்கியக் காரணம். சிறிய ராக்கெட்டுகள் அங்கிருந்து நேராகத் தெற்கே போகலாம்.

மாணவர்களே, விடை எழுதும்போது நேரச் சமன்பாடுகளை முதலில் எழுதுங்கள். பிறகு நேரத்தை நீக்குங்கள். ஆசிரியர்களே, வளைவை வரைந்ததும் ஒவ்வொரு நொடிக்கும் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். பூமிக்கும் நிலவுக்கும் புள்ளிகள் வேறு இடங்களில் விழுவதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.