ஒரு சொல்லின் தேய்வும் ஒருபொருட்சொல் நூல்களின் இருவழியும்: ஆங்கில ‘நைஸ்’ என்னும் சொல்லை முன்வைத்து

முன்னுரை

மிகுதியாக வழங்கும் சொல்லை விலக்கி, அதனினும் துல்லியமான சொல்லைத் தேர்ந்தெழுத வேண்டும் என்பது ஆங்கில எழுத்துப் பயிற்சியில் நெடுங்காலமாகக் கூறப்பட்டுவரும் அறிவுரையாகும். இதற்குச் சான்றாகப் பெரிதும் காட்டப்படும் சொல் ‘நைஸ்’. உணவு, வானிலை, நூல், மனிதர் என எதனையும் பாராட்ட இச்சொல் பயன்படுவதால், அதற்கு மாற்றாக ‘பிளெசன்ட்’, ‘கைண்ட்’, ‘டிலைட்ஃபுல்’ முதலிய சொற்களின் பட்டியல் மாணவர்க்கு வழங்கப்படுகிறது. இத்தகைய பட்டியல்கள் எந்நோக்கத்தில் தோன்றின என்பது அத்துணை கவனிக்கப்படுவதில்லை. ஆங்கில ஒருபொருட்சொல் நூல்களின் வரலாற்றில் வேறுபடுத்தல், தொகுத்தல் என இரு நோக்கங்கள் இருந்தன என்பதையும், முன்னதன் பயனைப் பின்னதன் கருவியால் அடைய முயல்வதே இவ்வறிவுரையின் குறை என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

‘நைஸ்’: பொருள் வரலாறு

‘அறியாத’ என்று பொருள்படும் ‘நெஸ்கியஸ்’ என்னும் இலத்தீன் சொல்லே இதன் மூலம். எதிர்மறைக் கூறும் ‘அறிதல்’ என்னும் வினையும் இணைந்து உருவான சொல் அது. பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக ஏறத்தாழ 1300ஆம் ஆண்டளவில் ஆங்கிலத்தில் புகுந்தபோது இச்சொல் ‘மூடத்தனமான’ என்னும் பொருளையே தந்தது. அடுத்துவந்த நூற்றாண்டுகளில் கூச்சமுடைய, எளிதில் நிறைவுறாத, நுணுகிப் பார்க்கும் எனப் பொருள்கள் விரிந்தன. பதினாறாம் நூற்றாண்டில் ‘நுட்பமான, துல்லியமான’ என்னும் பொருள் வேரூன்றியது. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதி, நுணுக்கமாகத் தீர்ப்பிடும் திறனையே இச்சொல்லின் முதற்பொருளாகத் தருகிறது. நுண்ணிய வேறுபாட்டை ‘நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்று குறிப்பதில் அப்பொருள் இன்றும் எஞ்சியுள்ளது.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உரையாடல் வழக்கில் ‘இனிய’ என்னும் பொதுப் பாராட்டுப் பொருள் பரவியது. துல்லியத்தைக் குறித்த சொல்லே துல்லியமின்மைக்கு எடுத்துக்காட்டாக மாறியது இவ்வாறுதான்.

வேறுபடுத்தும் மரபு

‘நைஸ்’ பொதுச்சொல்லாகிவந்த அதே காலத்தில்தான், ஒத்த பொருளுடையனவாகத் தோன்றும் சொற்களை வேறுபடுத்திக் காட்டும் நூல்கள் ஆங்கிலத்தில் தோன்றின. இவற்றுக்கு முன்னோடி பிரெஞ்சு மொழியில் கேப்ரியல் ஜிரார் 1718இல் வெளியிட்ட நூலாகும். எந்த இரு சொற்களும் முற்றிலும் ஒரே பொருளைத் தருவதில்லை என்பதே அதன் அடிப்படை. அவ்வழியில் ஜான் டிரஸ்லர் 1766இலும், ஹெஸ்டர் லிஞ்ச் பியோத்சி 1794இலும், ஜார்ஜ் கிராப் 1816இலும் ஆங்கில நூல்களை வெளியிட்டனர். இத்தாலியரை மணந்த பியோத்சி, பேச்சு வழக்கில் ஏற்ற சொல்லைத் தேர அயல்நாட்டவர்க்கு ஏற்படும் இடர்ப்பாட்டைக் கருத்திற்கொண்டு தம் நூலை அமைத்தார்.

எடின்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹியூ பிளேர் 1783இல் வெளியிட்ட சொல்லாட்சிக்கலை விரிவுரைகளும் இம்மரபில் குறிப்பிடத்தக்கவை. வியப்பைக் குறிக்கும் சொற்களுள் ‘சர்ப்ரைஸ்ட்’ என்பது எதிர்பாராததைக் கண்டபோதும், ‘அஸ்டானிஷ்ட்’ என்பது மிகப் பெரியதைக் கண்டபோதும், ‘அமேஸ்ட்’ என்பது விளங்காததைக் கண்டபோதும் எழும் உணர்வைக் குறிக்கும் என அவர் பிரிக்கிறார். புதிதாகப் படைத்தலுக்கு ‘இன்வென்ட்’, முன்னரே இருந்து மறைந்திருந்ததைக் கண்டறிதலுக்கு ‘டிஸ்கவர்’ என்கிறார். இந்நூல்களில் சொற்கள் வெறும் வரிசையாக நிற்பதில்லை. ஒவ்வொன்றும் எச்சூழலுக்கு உரியது என்னும் விளக்கத்தோடு வருகின்றன.

ஆஸ்டினின் புதினக் காட்சி

ஜேன் ஆஸ்டின் 1798–99இல் முதல்வரைவாக எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1817ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ‘நார்த்தாங்கர் அபே’ புதினத்தின் பதினான்காம் இயலில் இச்சொல்லைப் பற்றிய உரையாடல் ஒன்று இடம்பெறுகிறது. தான் விரும்பிப் படித்த நூலைக் கேத்தரின் என்னும் இளம்பெண் ‘நைஸ்’ என்னும் அடைமொழியால் புகழ்கிறாள். ஹென்றி டில்னி, அச்சொல் நேர்த்தியைக் குறிப்பதெனக் கொண்டு, அது நூற்கட்டைப் பொறுத்தது என எள்ளுகிறான். சொல்லை மாற்றிக்கொள்ளாவிட்டால் ஜான்சனையும் பிளேரையும் காட்டி அவன் வாட்டிவிடுவான் என அவன் தங்கை எலினார் கேத்தரினை எச்சரிக்கிறாள். எல்லாப் பாராட்டும் இன்று இவ்வொரு சொல்லுக்குள் அடங்கிவிட்டதாக ஹென்றி மேலும் குறைகூறுகிறான்.

மிகைவழக்குச் சொற்களுக்கு எதிரான சான்றாக இக்காட்சி அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. ஆயினும் காட்சி ஹென்றியின் கூற்றோடு முடிவதில்லை. பாராட்டு எதுவுமின்றி அச்சொல் ஹென்றிக்கே பொருந்தும் என்றும், அவனிடம் அறிவினும் அச்சொல் குறிக்கும் பண்பே மிகுதி என்றும் எலினார் மறுமொழி கூறுகிறாள். ‘அளவு கடந்து நுணுகிப் பார்ப்பவன்’ என்னும் பழைய பொருளில் அவள் அச்சொல்லை ஆள்கிறாள். இவ்வுரையாடலில் மிகத் துல்லியமான சொல்லாட்சி, கண்டிக்கப்பட்ட அதே சொல்லைக் கொண்டே நிகழ்கிறது. குறை சொல்லில் இல்லை, சொல்லை ஆளும் முறையிலேயே உள்ளது என்பதை இதனால் அறியலாம்.

தொகுக்கும் மரபு

1852இல் பீட்டர் மார்க் ரோஜே வெளியிட்ட ‘தெசாரஸ்’ வேறொரு நோக்கத்தை முன்வைத்தது. மருத்துவரும் இராயல் சொசைட்டியின் செயலருமாக விளங்கிய அவர், 1805இல் தம் பயன்பாட்டுக்கெனத் தொகுத்த சொல்வரிசையையே பின்னர் நூலாக விரித்தார். கருத்துகளை ஆறு பெரும்பிரிவுகளாக வகுத்து, ஆயிரம் தலைப்புகளின்கீழ்ச் சொற்களை அடுக்கினார். ஒத்த சொற்களுக்கிடையிலான வேறுபாட்டை ஆராய்வது தம் பணியன்று என்பதை முன்னுரைப் பகுதியில் அவர் தெளிவாக்கியுள்ளார். சொற்பொருளை முன்னரே அறிந்தவர்க்குத் தக்க நேரத்தில் சொல்லை நினைவூட்டுவதே அந்நூலின் பயன்.

கோல்புரூக்கின் ஆங்கில மொழிபெயர்ப்போடு 1808இல் செராம்பூரில் அச்சான ‘அமரகோசம்’ பற்றி ரோஜே தம் நூலில் குறிப்பிடுகிறார்; எனினும் அதன் பகுப்புமுறை அவருக்கு நிறைவளிக்கவில்லை. தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர் எனப் பன்னிரு தொகுதிகளாகச் சொற்களை வகுக்கும் திவாகரமும் இத்தகைய பொருள்வழித் தொகுப்பே. நிகண்டினை மனனம் செய்தவர் இலக்கியங்களையும் உடன் பயின்றதால், சொல்லின் ஆட்சியை அவ்விலக்கியங்களிலிருந்து பெற்றனர். பட்டியல் நினைவுக்கு, இலக்கியம் வேறுபாட்டுக்கு என இரண்டும் இணைந்தே இயங்கின.

ரோஜேயின் மகன் ஜான் லூயிஸ் ரோஜே 1879இல் விரிவாக்கிய பதிப்பில் சொல்லடைவு பெரிதும் வளர்ந்தது. கருத்துப் பகுப்பினை ஆராயாமலே, ஒரு சொல்லிலிருந்து அதன் மாற்றுச்சொற்களுக்கு நேரே செல்லும் வழி இதனால் எளிதாயிற்று. வேறுபாட்டு விளக்கம் இல்லாத பட்டியல், துல்லியத்திற்கான கருவியாகக் கருதப்படலாயிற்று.

இதன் விளைவைச் சுட்டியவர்கள் ஃபௌலர் உடன்பிறப்புகள். 1906இல் வெளிவந்த ‘தி கிங்ஸ் இங்கிலீஷ்’ நூலில், ஒரே சொல் மீண்டும் வருவதைத் தவிர்ப்பதற்காகவே மாற்றுச்சொற்களைப் பெய்யும் பழக்கத்தை ‘எலிகன்ட் வேரியேஷன்’ எனப் பெயரிட்டுக் கண்டித்தனர். சொல் மாறும்போது பொருளும் மாறியதோ என்னும் ஐயத்தை அப்பழக்கம் படிப்பவரிடம் தோற்றுவிக்கும். அவர்களுள் மூத்தவரான ஹென்றி ஃபௌலர் 1926இல் வெளியிட்ட தம் மொழிவழக்கு அகராதியில், ‘நைஸ்’ தன் தனித்தன்மையை இழந்ததற்குப் பெண்களின் விருப்பமே காரணம் என்றார். ஆஸ்டின் படைத்த ஹென்றியின் குரலை ஃபௌலரிடமும் கேட்க முடிகிறது. எலினாரின் மறுமொழி அங்கு இடம்பெறவில்லை.

முடிவுரை

‘டெரிஃபிக்’ ஒருகாலத்தில் அச்சத்தையும், ‘ஆசம்’ மதிப்பு கலந்த அச்சத்தையும், ‘ஃபன்டாஸ்டிக்’ கற்பனைத் தன்மையையும் குறித்தன. இன்று மூன்றும் பொதுப் பாராட்டுகளாகத் தேய்ந்துள்ளன. ‘நைஸ்’ விட்ட இடத்தில் எச்சொல்லை அமர்த்தினாலும், எல்லாவற்றுக்கும் அதனையே வழங்கினால் அதுவும் தேயும். தமிழில் கிடைத்தற்கரிய தன்மையைக் குறித்த ‘அருமை’ இன்று எதற்கும் உரிய பாராட்டாகியிருப்பதும் இத்தகையதே. மாணவரின் கட்டுரையில் அதனை அடித்துச் ‘சிறப்பு’ என்று திருத்துவதால் துல்லியம் விளைவதில்லை.

எனவே மொழி கற்பிப்போர் மாற்றுச்சொற் பட்டியலைத் தருவதற்கு முன், பாராட்டப்படும் பொருளில் எக்கூறு பாராட்டுக்குரியது என்னும் வினாவை எழுப்புதல் வேண்டும். பிளேரின் முறையைப் பின்பற்றி, இருசொற்களை ஒரே தொடரில் மாற்றியிட்டு, எங்கு எது பொருந்தவில்லை என ஆராயும் பயிற்சி இதற்கு ஏற்றதாகும். சொல் தேர்வு என்பது பொருளை வரையறுத்த பின்னர் நிகழ வேண்டிய செயல் என்பதே இவ்வாய்வின் முடிபாகும்.