பாதையில் ஏறிய வான்



போன மாதம் எங்கள் வீட்டில் பெரிய கணக்கு வழக்கு நடந்தது. முற்றத்தில் நிற்கும் பழைய டொல்பின் வானைக் கொடுத்துவிட்டு, சின்ன சுசுகி எவ்ரி ஒன்றை எடுப்பதா, வேண்டாமா என்பதுதான் விசயம். எண்ணெய்ச் செலவு, காப்புறுதி, உதிரிப்பாகம், டயர் என்று ஒரு தாள் முழுக்க எழுதினோம். எவ்ரிதான் வென்றது. எல்லாம் முடிந்த பிறகு உம்மா ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"அப்ப ஒரு மௌத்து விழுந்தா ஊட்டாக்கள் எல்லாரும் எதுல போற?"

தாளை மடித்து வைத்துவிட்டோம். அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தப் பதிவு இவ்வளவு நீண்டது. வரலாறு படிப்பிக்கிற எங்களுக்கு, அரசர்களின் வரலாறு அளவுக்கு முற்றத்தில் நிற்கும் வாகனத்தின் வரலாறு தெரியவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது.

முதலில் எங்கள் நிலத்தைப் பார்க்க வேண்டும். திருகோணமலைத் துறைமுகத்தை உலகம் கப்பல்களால் அறியும். பிரித்தானியக் கடற்படை 1957ல் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போகும் வரை பெரிய கப்பல்கள் வந்து நின்ற இடம் இது. ஆனால் அதே தண்ணீரின் மறுகரையில் இருந்த கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் அந்தக் குடாக்கள் வழி விடவில்லை, வழியை மறித்தன. வீதி வந்து தண்ணீரில் முடியும். அங்கிருந்து நாங்கள் ஏறியது "பாதை". வெளியூர் ஆட்களுக்குப் பாதை என்றால் நடந்து போகும் வழி. கிழக்கில் எங்களுக்குப் பாதை என்றால் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை. மூதூர் ஆட்களுக்கு லோஞ்ச்.

எங்கள் உம்மம்மாவின் காலத்தில் குடும்பம் போனது மாட்டு வண்டியில். பெண்கள் ஏறினால் முன்னும் பின்னும் சீலை கட்டுவார்கள். ஊருக்குள் மோட்டார் வாகனம் வைத்திருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மொறிஸ் மைனர், ஒஸ்டின் போன்ற கார்கள் வாடகைக்கு ஓடின. ஐந்து பேர் போகிற காரில் எட்டுப் பேர் போனார்கள். 1970 முதல் 1977 வரை நாட்டின் பொருளாதாரம் மூடிக் கிடந்தது. வெளிநாட்டு வாகனம் என்பது அப்போது சாதாரண குடும்பத்துக்குக் கனவு.

அந்த நேரம் வெளியுலகில் வான் ஏற்கனவே குடும்ப வாகனமாகி இருந்தது. 1947ல் பென் பொன் என்ற ஒல்லாந்து வாகன வியாபாரி ஒரு குறிப்புப் புத்தகத்தில் கீறிய பெட்டி வடிவம்தான், 1950ல் வோக்ஸ்வாகன் வானாகத் தெருவுக்கு வந்தது. ஜப்பானில் டொயோட்டா 1967ல் ஹைஏஸை வெளியிட்டது. இந்தியாவில் 1984ல் மாருதி வான் வந்தது. பிறகு அதற்கு ஆம்னி என்று பெயர் மாறியது. அது சுசுகி கெரியின் வழியில் வந்த 796 சீசீ வண்டி. இன்று நாங்கள் வாங்கலாமா என்று யோசிக்கும் எவ்ரிக்கு அது ஒருவகையில் மச்சான் முறை.

இந்த வரலாற்றுக்குள் எங்களை இழுத்து வந்தவை இரண்டு. ஒன்று, 1977ன் திறந்த பொருளாதாரம். மற்றது, அதே காலத்தில் திறந்த மத்திய கிழக்கு வேலைவாய்ப்பு. ஜப்பானில் வாகனம் பழசாகப் பழசாக, கட்டாயப் பரிசோதனைக்கு ஆகும் செலவு பாரமாகிவிடும். அதனால் நல்ல நிலையிலேயே கொடுத்துவிடுவார்கள். ஜப்பானும் இலங்கையும் இடப்பக்கம் ஓட்டுகிற நாடுகள். ஸ்டியரிங்கை மாற்ற வேண்டியதில்லை. டோக்கியோவில் சாமான் சுமந்த வான், ரீகண்டிஷன் என்ற பெயரில் கிண்ணியாவில் மணப்பெண்ணைச் சுமந்தது. பதிவுப் புத்தகத்தில் இதற்கு "டுவல் பர்பஸ்" என்று பெயர், ஆளுக்கும் சாமானுக்கும் பொதுவான வாகனம். எங்கள் ஆட்கள் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். காலையில் நெல் மூட்டை, மாலையில் வலீமா.

எங்கள் வாப்பா சவூதியில் ஒன்பது வருடம் உழைத்துவிட்டு வந்து, 1999ல் மாமாவுடன் சேர்ந்து பாதிப் பாதிக் காசு போட்டு இந்த டொல்பினை எடுத்தார். இந்தப் பெயர்களையும் சொல்ல வேண்டும், பிள்ளைகளுக்குத் தெரியாமல் போய்விடும். 1989ல் வந்த உருண்டை முக ஹைஏஸுக்குத்தான் டொல்பின் என்று பெயர். அதற்கு முந்தியது ஷெல். 2004க்குப் பிந்தியதை கேடிஎச் என்பார்கள். டவுன்ஏஸைச் சட்ட இலக்கத்தைச் சொல்லி சீஆர் 27 என்பார்கள். நிசான் வனெட், மிட்சுபிசி டெலிக்கா எல்லாம் அந்தக் காலத்து வீட்டு உறுப்பினர்கள்.

அன்றைக்கு ஒரு குடும்பம் வான் தேடினால் தெரிவு இப்படித்தான் இருந்தது. டவுன்ஏஸும் வனெட்டும் கட்டையானவை, திருப்ப இலகு, எட்டுப் பேருக்குப் போதும். ஆனால் எஞ்சின் முன் சீற்றுக்குக் கீழே இருப்பதால், கந்தளாய் வெயிலில் ஓட்டுபவரின் தொடை வேகும். தண்ணீர் பார்க்க சீற்றைத் தூக்க வேண்டும். டொல்பினுக்கும் எஞ்சின் அங்கேதான். ஆனாலும் உள்ளே இடம் தாராளம். 2.8 லீற்றர் டீசல் எஞ்சின், டேர்போ இல்லை, கணினி இல்லை. ஊரில் எந்தக் கராஜிலும் பிரித்துப் பூட்டலாம். பழைய வான்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. முன்னால் மூக்கு இல்லை. மோதினால் முதலில் வாங்குவது ஓட்டுபவரின் முழங்கால். இன்னொரு குறை எங்கள் மாவட்டத்துக்கே உரியது: உப்பு. பாதையில் ஏறி இறங்கும்போது அடிக்கும் கடல் தண்ணீரும் குடாக் காற்றும் சேர்ந்து வழுக்குக் கதவின் தண்டவாளத்தையும் அடித்தட்டையும் அரித்துவிடும். இங்கே வான் வாங்குபவர்கள் எஞ்சினைக் கேட்பதற்கு முன்பு படுத்துக் கிடந்து அடியைப் பார்ப்பது அதனால்தான்.

எங்கள் வானில் 12 சீற். பெருநாளைக்கு 19 பேர் போயிருக்கிறோம். சஹனில் ஆறு பேர் உட்கார்ந்தால் ஏழாவது ஆளை எழுப்பிவிட மாட்டோம், கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுப்போம். வானிலும் அதுதான் சட்டம். ஜன்னலுக்கு உம்மா சீலை தைத்துப் போட்டார். மாட்டு வண்டியின் சீலைதான், ஏறிய வாகனம் மட்டும் மாறியிருந்தது.

ஆனால் அந்த வருடங்கள் பெருநாள் வருடங்கள் மட்டுமல்ல. போர்க்காலத்தில் இரவானால் பாதை ஓடாது. எங்கள் தங்கச்சி பிறந்த இரவு, உம்மாவைப் பின் சீற்றில் கிடத்தி, உள் விளக்கைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி நின்று, கந்தளாய்க்குப் போய்ச் சேர்ந்தோம். 2004 டிசம்பர் 26ல் கடல் வந்த அன்று அந்த வான் எத்தனை தடவை ஓடியது என்று வாப்பா கடைசி வரை சொல்லவில்லை. சீற்றுகளைக் கழற்றிக் கழுவியது மட்டும் எங்களுக்கு ஞாபகம். 2006 ஓகஸ்டில் மூதூரே எழுந்து கந்தளாய்க்கு இடம்பெயர்ந்தது. நடந்து வந்தவர்கள்தான் அதிகம். சாச்சியின் குடும்பத்தை முகாம் முகாமாகத் தேடிக் கண்டுபிடித்து ஏற்றி வந்ததும் இந்த வான்தான்.

இன்னொன்றையும் மறைக்க முடியாது. எங்கள் வான் வெள்ளை. அந்த வருடங்களில் வெள்ளை வான் என்றால் இந்த நாட்டில் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆட்கள் காணாமல் போனதைப் பற்றி 2010ல் அமைக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன்னாலும் சாட்சி சொல்லப்பட்டது. இந்தியப் படங்களில் ஆள் கடத்துவதற்கு ஆம்னி வான் வருவதைப் பார்த்து அங்கே நகைச்சுவையாகப் பேசுவார்கள். எங்களுக்குச் சிரிப்பு வராது. அந்தி நேரத்தில் தமிழ்க் கிராமம் ஒன்றின் வழியாக நாங்கள் போனபோது, விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் எங்கள் வானைக் கண்டு வீடுகளுக்குள் ஓடியதை வாப்பா பார்த்தார். அடுத்த நாள் வானின் இரண்டு பக்கமும் நீளத்துக்கு ஒரு நீலக் கோடு போட்டார். அழகுக்கு என்று நாங்கள் நினைத்தோம். "அந்தப் புள்ளையள் நம்மளக் கண்டு பயப்படப் படா" என்றார். அந்தக் கோடு இன்றும் இருக்கிறது.

2009 ஒக்டோபர் 20ல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. சவூதி நிதியுதவியில் கட்டிய 396 மீற்றர் பாலம். பாதைக்குக் காத்து நின்ற பொழுதெல்லாம் ஒரு நிமிடப் பயணமானது. அடுத்து ஏ15 வீதியில் மூதூர்ப் பக்கத்துப் பாலங்களும் வந்தன. அட்டாளைச்சேனைக் கல்வியியற் கல்லூரிக்குப் பெட்டியோடு நாங்கள் போன காலம் அது. ஒவ்வொரு விடுமுறைக்கும் வீதி கொஞ்சம் கொஞ்சமாக மாறியதைக் கண்ணால் கண்டோம்.

பாலம் வந்ததும் வானின் வேலை குறைந்தது. பஸ் நேராக ஓடியது. மோட்டார் சைக்கிளில் பத்திரமாகத் திருகோணமலை போய் வரலாம். முன்பு ஒரு பயணத்துக்குள் நான்கு வீட்டின் வேலையையும் முடிக்க வேண்டியிருந்தது. இப்போது அவரவர் நினைத்த நேரத்தில் போகலாம். நல்லதுதான். ஆனால் பக்கத்து வீட்டு மாமியின் கிளினிக் நாள் எது என்பது எங்களுக்குத் தெரியாமல் போனதும் அதற்குப் பிறகுதான்.

எல்லா இடத்துக்கும் பாலம் வந்துவிட்டது என்றும் நினைக்க முடியாது. 2021 நவம்பர் 23ல் குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டும் வேலைக்காக மக்கள் மிதப்புப் பாதையில் கடந்துகொண்டிருந்தபோது அது கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் மௌத்தானார்கள். ஆசிரியர்களான எங்களுக்கு அந்தக் காலை இன்னும் முடியவில்லை. பாதை பழைய காலத்துச் சொல் என்று வகுப்பில் சொல்ல வாய் வருவதில்லை.

இனி எவ்ரிக்கு வருவோம். ஜப்பானில் சிறிய வாகனங்களுக்கென்று ஒரு தனிச் சட்டம் உண்டு. 1998 முதல் நீளம் 3.4 மீற்றர், அகலம் 1.48 மீற்றர், எஞ்சின் 660 சீசீ, இவற்றுக்கு மேலே போகக் கூடாது. அந்த அளவுக்குள் அடக்கிச் செய்தவைதான் எவ்ரியும் டைஹட்சு ஹைஜெட்டும் நிசான் கிளிப்பரும். இரண்டு பக்கமும் வழுக்குக் கதவு, பின் சீற்றை மடித்தால் சைக்கிளும் ஏறும், எங்கள் ஒழுங்கைக்குள் ஒரே வெட்டில் திரும்பும். குறைகளும் உண்டு. ஆள் நிரம்பி ஏசியும் போட்டால் மூச்சு வாங்கும், பழுதானால் சில சாமான்களுக்குக் கொழும்பைப் பார்க்க வேண்டும்.

எரிபொருளில்தான் உண்மையான பாடம் கிடைத்தது. 2022ல் கியூஆர் முறை வந்தபோது வானுக்கு வாரம் 20 லீற்றர். எங்கள் டொல்பின் லீற்றருக்கு 9 கிலோமீற்றர் ஓடும். 20 லீற்றருக்கு 180. கொழும்பு ஏறக்குறைய 260 கிலோமீற்றர். எவ்ரி வைத்திருந்த நண்பருக்கு லீற்றருக்கு 14 கிடைத்தது, அவர் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தார். நாங்கள் மூன்றில் இரண்டு பங்கு வழிக்குக் கொஞ்சம் தாண்டி நின்றிருப்போம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் பழைய வான்களின் விலை ஏறிக்கொண்டே போனது. எங்கள் துருப்பிடித்த டொல்பினுக்கும் ஆள் வந்தார்கள்.

எல்லாக் கணக்கிலும் எவ்ரி வெல்கிறது. ஒரு கணக்கில் மட்டும் தோற்கிறது. ஜப்பான் சட்டப்படி அதில் ஏறக்கூடியவர்கள் 4 பேர்தான். நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், கணக்கு முடிந்தது. உம்மா எங்கே உட்காருவார்? அவர் கேட்டது மௌத்தைப் பற்றி மட்டும் அல்ல என்பது அப்போது உறைத்தது.

பதில் பழைய பதிவுப் புத்தகத்துக்குள்ளேயே கிடந்தது. 1999ல் இந்த வானை ஒரு வீடு வாங்கவில்லை, இரண்டு வீடு சேர்ந்து வாங்கியது. பாலம் வந்து வேலை குறைந்த பிறகு, செலவு முழுவதும் எப்படியோ எங்கள் தலையில் மட்டும் வந்து நின்றது. போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மாமாவின் மகனையும் தங்கச்சியின் மாப்பிள்ளையையும் கூப்பிட்டுப் பேசினோம். காப்புறுதி, வருமான வரிப்பத்திரம், அடித்தட்டு வெல்டிங் மூன்றும் இனி மூன்று வீட்டுக்கும் பொது. டீசல், எடுப்பவர் பொறுப்பு. சாவி உம்மாவிடம். பாடசாலைக்கு நாங்கள் மோட்டார் சைக்கிளில்தான். காசு சேர்ந்தால் பிறகு எவ்ரி எடுக்கலாம், ஆனால் டொல்பினைக் கொடுத்து அல்ல.

இந்த ஏற்பாடு எத்தனை நாளைக்கு நிற்கும் என்று அல்லாஹ்தான் அறிவான். வெல்டிங் காசைப் பற்றி இப்போதே ஒரு சின்ன முறுகல். ஆனாலும் நேற்று மாமியின் கிளினிக் நாள் வியாழக்கிழமை என்று தெரிந்துகொண்டோம்.

உங்கள் வீட்டுக்கு முதலில் வந்த வான் எது? யார் யார் சேர்ந்து வாங்கினீர்கள்? பாதையில் ஏற்றிய ஞாபகம் உள்ள மூத்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள். தரம் 9 பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவோம்.