ஒத்தை ஆள் மரம்

1932, மே மாதம். ஜெர்மனியில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய நேரம். ஆஸ்கர் ஸ்பெக் என்ற 25 வயது இளைஞர், மடக்கி மூட்டை கட்டக்கூடிய ஒரு கயாக் படகை எடுத்துக்கொண்டு உல்ம் நகரில் டான்யூப் நதியில் இறங்கினார். சைப்ரஸ் தீவுக்குப் போய் செப்புச் சுரங்கத்தில் வேலை தேடுவதுதான் திட்டம். கையில் பெரிதாகக் காசு இல்லை. அதைவிட முக்கியம்... மனுஷனுக்கு நீச்சலே தெரியாது!

சைப்ரஸ் வரை போனவர் அங்கே நிற்கவில்லை. யூப்ரடிஸ் நதி, பாரசீக வளைகுடா, கராச்சி, பம்பாய், கொழும்பு, சென்னை, கல்கத்தா, பர்மா, ஜாவா என்று துடுப்புப் போட்டுக்கொண்டே இருந்தார். 7 வருடங்களுக்கு மேல், சுமார் 50,000 கி.மீ. பயணம். 1939 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சைபாய் தீவில் கரையேறினார். அதற்குள் இரண்டாம் உலகப் போர் ஆரம்பித்துவிட்டது. காத்திருந்த போலீஸார் முதலில் பாராட்டினார்கள். அடுத்த நிமிடமே, 'எதிரி நாட்டுக்காரன்' என்று கைது செய்தார்கள்! போர் முடியும்வரை முகாமில் அடைபட்டுக் கிடந்தார் ஸ்பெக்.

தனி ஆளாக, ஒரு சின்னப் படகில் ஆறு, கழிமுகம், கடல் என்று சுற்றிவருவது இன்று உலகம் முழுக்க ஒரு வீர விளையாட்டு. ஸ்பெக்கைப் போன்றவர்கள் அதன் ஹீரோக்கள். ஆனால், கொழும்புக்கும் சென்னைக்கும் நடுவே இருக்கிறதே நம் தஞ்சைக் கரை... அங்கே இருந்த மீனவர்களிடம் போய், 'ஒரே ஆள், கடலில், தனியாகப் போகிறான்' என்று சொல்லியிருந்தால் என்ன கேட்டிருப்பார்கள்? ''அதுல என்னங்க அதிசயம்? நாங்க தினமும் போறோமே!''

இது வெறும் ஊகம் இல்லை. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேயர் இருந்தார். பாதி கடற்கொள்ளையர், பாதி ஆராய்ச்சியாளர். உலகைச் சுற்றிய தன் அனுபவத்தை 1697-ல் புத்தகமாகப் போட்டார். அதில் சோழமண்டலக் கரையின் 'கட்டமரான்' பற்றி எழுதியிருக்கிறார். லேசான மரக்கட்டை ஒன்றோ இரண்டோதான். சில சமயம் ஒரே ஒரு ஆளைத்தான் தாங்கும். அந்த ஆளின் காலும் இடுப்பும் எப்போதும் தண்ணீரில்தான் இருக்கும் என்பது அவர் கண்ட காட்சி. நம் கட்டுமரம்தான் அது! கப்பல்களைக் கொள்ளையடித்த மனிதரையே மூக்கின் மேல் விரல் வைக்க வைத்த வாகனம்!

கட்டுமரத்தின் ரகசியம் ரொம்ப எளிமையானது. அதில் ஆணி கிடையாது. லேசான மரக்கட்டைகளைச் செதுக்கி, கயிற்றால் கட்டினால் போதும். குழிவான வயிறு இல்லாததால் தண்ணீர் தேங்காது. அலை மேலே ஏறினால், கட்டைகளின் இடுக்கு வழியாகவே வடிந்துவிடும். ஓட்டை விழும், மூழ்கும் என்ற பயமில்லை. கவிழ்ந்தால் திருப்பிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மணலில் காயப்போட்டுவிடலாம். துறைமுகமே இல்லாத, அலை உடைந்து சீறுகிற கரைக்கு இதைவிடப் பொருத்தமான படகு கிடையாது.

அந்தக் கால மதராஸில் கப்பல்கள் கரைக்கு வர முடியாது. தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். பெரிய படகுகள் இறங்கத் தயங்குகிற கொந்தளிப்பிலும், கட்டுமரக்காரர் போய்வருவார். ஓலையில் முடைந்த கூம்புத் தொப்பிக்குள், தண்ணீர் படாமல் கடிதங்கள் இருக்கும். வெள்ளைக்காரர்களின் வியாபாரமும் அரசியலும் சில நேரம் அந்த ஒற்றை மனிதரின் தலையில்தான் பயணம் செய்தன!

சரி, கடலுக்குக் கட்டுமரம். கடலுக்குள் போகாத உள்நாட்டு நீரில்?

கல்லணையைத் தாண்டியதும் காவிரி ஒரே ஆறாக இருப்பதில்லை. வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, பாண்டவையாறு என்று பிரிந்து பிரிந்து, கடைசியில் கடலைத் தொடும்போது ஆறா, கழியா, சதுப்பா என்று சொல்ல முடியாத ஒரு நீர்க்காடாக மாறிவிடும். இங்கே சாலை என்றால் ஒரு காலத்தில் தண்ணீர்தான். சங்க இலக்கியமான பட்டினப்பாலையில் ஓர் அருமையான காட்சி வருகிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் உப்பை விற்று நெல்லை ஏற்றிவந்த படகுகள், லாயத்துக் குதிரைகளைப் போல வரிசையாகக் கட்டப்பட்டு நிற்கும். உப்பு கொடு, நெல் எடு! டெல்டாவின் முதல் பொருளாதாரப் பாடம் இதுதான்.

கிட்டத்தட்ட 2,000 வருடங்களுக்குப் பிறகு ஆங்கிலேயர்களும் அதே பாடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். வேதாரண்யம் உப்பை நாகப்பட்டினத்துக்குக் கொண்டுபோக, 1860-களில் கடலுக்கு இணையாக ஒரு கால்வாய் வெட்டினார்கள். அதுதான் வேதாரண்யம் கால்வாய். நீளம் 57 கி.மீ. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பு அள்ளினாரே, அதே வேதாரண்யம்! உப்புப் படகுகள் போன அந்தக் கால்வாயை இன்று வெள்ள நேரத்தில் வடிகாலாகத்தான் பார்க்கிறார்கள்.

வேதாரண்யத்துக்கு மேற்கே முத்துப்பேட்டை. கோரையாறும் பாமணியாறும் வந்து முடிகிற இடம். பரந்த காயல், சுற்றிலும் அலையாத்திக் காடு. பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்தான். துடுப்பைவிட, கழியை ஊன்றித் தள்ளுவதுதான் வசதி. இந்தக் காட்டுக்கும் ஒரு சோகக் கதை உண்டு. ஆங்கிலேயர் காலத்திலிருந்து பகுதி பகுதியாக மொட்டையடித்தார்கள். மரம் போன இடத்தில் மண் அமிழ்ந்து பள்ளமானது. பள்ளத்தில் தேங்கிய கடல் நீர் வெயிலில் வற்றி, உப்பு ஏறி, செடியே முளைக்காத பாழாகிவிட்டது. பிறகு எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து, மீன் முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி, அலை நீர் வந்து போக வழி செய்தார்கள். காடு திரும்பத் தளிர்த்தது. 2018 நவம்பரில் 'கஜா' புயல் அதையும் முறித்துப் போட்டது.

கட்டுமரத்தின் கதையும் இப்படி ஒரு பேரழிவில்தான் திரும்பியது. 2004 டிசம்பர் 26. சுனாமி. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் அதிகமான உயிர்கள் போயின. கரையில் கிடந்த கட்டுமரங்கள் சிதறின. உதவிக்கு வந்தவர்கள், நல்ல மனதோடு ஃபைபர் படகுகளைக் கொடுத்தார்கள். பல ஊர்களில் நாலைந்து பேருக்கு ஒரு படகு. இன்ஜின் உண்டு, வேகம் உண்டு, தூரமாகப் போகலாம், மீனும் அதிகம் கிடைக்கும். மீனவர்கள் அதை விரும்பியதில் தப்பே இல்லை. கட்டுமரத்தில் போவது சாகசம் இல்லை. எலும்பு நோகிற பிழைப்பு.

ஆனால், கணக்கின் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். கட்டுமரத்துக்கு எண்ணெய் வேண்டாம், கூட்டாளி வேண்டாம். வயதானவரோ, கடன்பட்டவரோ, விடியற்காலையில் தனியாகத் தள்ளிக்கொண்டு போய், வீட்டுக்கான மீனோடு வந்துவிடலாம். அவர் அவருக்கே முதலாளி. அந்த மனிதர் ஃபைபர் படகில் ஒரு பங்குக்காரராகத்தான் ஏற முடியும்.

இதோடு ஒரு பாஷையும் போகிறது. வாடை, கொண்டல், சோழகம், கச்சான்... காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்தவர்கள் நம் கடற்கரைக்காரர்கள். கடலின் நீரோட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'நீவாடு'. துடுப்போடு தனியாகப் போகிறவனுக்கு, இந்தச் சொற்கள் கவிதை இல்லை, உயிர். நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரியாவிட்டால் வீடு திரும்ப முடியாது. இன்ஜின் கயிற்றை இழுப்பவனுக்கு அந்தக் கவலை குறைவு. கவலை குறைந்தால் சொல்லும் குறையும்.

வேடிக்கை என்னவென்றால், பெயர் மட்டும் பிழைத்துக்கொண்டது! 1876-ல் அமெரிக்காவில் நத்தானியேல் ஹெரஷாஃப் என்பவர், இரண்டு உடல்களை ஒட்டவைத்த ஒரு பாய்மரப் படகைப் பந்தயத்தில் ஓட்டி எல்லோரையும் முந்தினார். அந்த மாதிரிப் படகுகளுக்குத்தான் இன்று 'கேட்டமரான்' என்று பெயர். கோடிக்கணக்கில் விலை, உள்ளே படுக்கையறை, சமையலறை எல்லாம் உண்டு. கயிற்றால் கட்டிய மூன்று நான்கு கட்டைகளுக்கு வைத்த பெயர்!

கயாக்கும் ஆதியில் பிழைப்புக்கான படகுதான். ஆர்க்டிக் பிரதேசத்து இன்யூட் மக்கள், ஒரே ஆள் உட்கார்ந்து சீல் வேட்டையாடுவதற்காகத் தோலில் செய்தது. உலகம் அதை விளையாட்டாக்கி, பொருளையும் பெயரையும் சேர்த்தே காப்பாற்றியது. நம்மிடமிருந்து பெயரை மட்டும் எடுத்துக்கொண்டது. பொருளைக் காப்பாற்றும் வேலை நம்முடையது. மியூசியத்தில் நாலு கட்டையைக் கட்டி வைத்தால் அந்த வேலை முடிந்துவிடாது. அலையாத்தி நிற்க, ஆற்றில் நல்ல தண்ணீர் கடல் வரை வர வேண்டும். நீவாடு தெரிந்த பெரியவர்களிடம் பிள்ளைகள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டுக்கும் இன்னும் நேரம் இருக்கிறது. ஆனால், ரொம்ப நேரம் இல்லை!