துப்பாக்கிக்கு முன் ஒரு விண்ணப்பம்

திருவொற்றியூர்த் தியாகராசர் திருக்கோவிலில் வட்டப்பாறை அம்மன் சந்நிதி உண்டு. மதுரையை எரித்த கண்ணகியின் சினம் இங்குதான் தணிந்தது என்பது வழிவழி வரும் நம்பிக்கை. அக்கண்ணகி முதலில் தீயை நாடவில்லை. அரசவையில் வழக்குரைத்து, தன் கணவன் கள்வன் அல்லன் என நிறுவினாள். தீ அதன் பின்னரே எழுந்தது. திரையில் ஆயுதம் ஏந்திய பெண்களின் வரலாற்றை ஆராயும்போது, இந்த வரிசைமுறையை நாம் மறத்தலாகாது.

தமிழ்த் திரையில் இப்பெண்ணின் வருகை மிகப் பழையது. 1937இல் வெளிவந்த 'மின்னல் கொடி'யில் கே. டி. ருக்மணி ஆண் உடை தரித்து, கொள்ளைக்காரியாகக் குதிரையேறினார். சொந்த வீட்டில் பாதுகாப்பிழந்த பெண், இறக்கும் கொள்ளைக்காரனின் பெயரையும் வேடத்தையும் ஏற்கும் கதை அது. துணிவு அவளுடையது, வேடமோ ஆணுடையது.

உண்மை வாழ்வோ இத்துணை இனிமையானதன்று. சம்பல் பள்ளத்தாக்கில் இழிவுறுத்தப்பட்ட பூலான் தேவி துப்பாக்கி ஏந்தினார். 1981இல் பெமாய் சிற்றூரில் 20 பேர் கொல்லப்பட்ட வழக்கில் அவர் பெயர் சேர்ந்தது. 1983இல் சரணடைந்து, விசாரணையின்றி 11 ஆண்டுகள் சிறையிலிருந்தார். 1994இல் அவர் வரலாறு 'பாண்டிட் குயீன்' என்னும் படமானது. தம் மானபங்கம் தம் ஒப்புதலின்றிக் காட்டப்படுவதாக அவர் தில்லி உயர்நீதிமன்றத்தை நாட வேண்டியதாயிற்று. அவருக்காகப் பேச வந்த திரையும் அவர் சொல்லைக் கேட்கவில்லை!

நம் வடசென்னைக்கு வருவோம். 2011இல் வெளியான 'ஆரண்ய காண்டம்' படத்தில், முதிய தாதாவின் பிடியில் சிக்கிய சுப்பு, இறுதியில் தானே துப்பாக்கியை எடுக்கிறாள். 2018இல் வந்த 'வட சென்னை'யில், கணவனைக் கொன்றோரில் ஒருவனையே மணந்து, பழிவாங்கும் நாளுக்காகக் காத்திருக்கிறாள் சந்திரா. ஆயுதம் பிறர் கையில். திட்டம் அவள் நெஞ்சில். இவ்விருவருக்கும் முறையிட ஒரு மன்றமில்லை. காவல் நிலையமோ, ஊர்ப் பெரியோரோ துணை நிற்பர் என்ற எண்ணமே அவர்கள் கதையில் எழுவதில்லை.

நம் திருமறையிலும் வாளேந்திய கைம்பெண் ஒருத்தி உண்டு. பகைவனின் கூடாரத்தில் புகுந்த யூதித்து, அசீரியப் படைத்தலைவனின் தலையைக் கொய்தாள். ஆயினும் அவள் செபித்தே சென்றாள். தன் பழிக்காகவன்று, முற்றுகையில் நீரின்றித் தவித்த ஊருக்காகச் சென்றாள். பின்னர் தன் இல்லம் திரும்பி, முதுமைவரை அமைதியாய் வாழ்ந்தாள். சந்திராவுக்குத் திரும்ப இல்லமில்லை. பழியே அவள் இல்லமாகிவிட்டது.

லூக்கா நற்செய்தி 18ஆம் அதிகாரம் மற்றொரு கைம்பெண்ணைக் காட்டுகிறது. அவள் கையில் ஆயுதமில்லை; நேர்மையற்ற நடுவரிடம் ஓயாது சென்று நீதி கேட்டாள். விடியுமுன் காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து, கூடை சுமந்து பிள்ளைகளை வளர்க்கும் தாய்மாரிடம் நாம் காண்பது அந்த விடாமுயற்சியே. அவர்களைப் படமெடுப்போர் குறைவு.

திரையில் பெண் சுடும்போது அரங்கம் கைதட்டுகிறது. அதில் வியப்பில்லை, நீதிக்காக ஏங்கும் நெஞ்சின் ஒலி அது. ஆனால் நம் தெருவில், நம் பங்கில், குடிகாரக் கணவனிடம் அடிபட்டு வந்து முறையிடும் பெண்ணிடம் "பொறுத்துப்போ" என்று மட்டும் சொல்லி அனுப்புகிறோமா? அவ்வாறெனில் அந்த நேர்மையற்ற நடுவரைவிட நாம் தாழ்ந்தவர்களே. அவராவது இறுதியில் செவிசாய்த்தார்.