வாலிகண்டபுரத்து முழக்கம்

ஒலியை மட்டும் வைத்து ஒரு படையை வீழ்த்த முடியுமா? பெரம்பலூருக்கு வடக்கே, வாலிகண்டபுரம், ரஞ்சன்குடிக் கோட்டை வட்டாரத்தில் 1751இல் நடந்த சண்டை இந்தக் கேள்வியை எண்ணிப்பார்க்க நல்ல சான்று. ஆற்காட்டு நவாப் பட்டத்துக்காகச் சந்தா சாகிபும் முகமது அலியும் மோதினர். முன்னவருக்குப் பிரெஞ்சுக்காரர் துணை, பின்னவருக்கு ஆங்கிலேயர். பீரங்கிகள் முழங்கியதும் ஆங்கிலேயரின் ஐரோப்பியப் படை கிலிபிடித்து ஓடியது. ஆங்கிலேய அதிகாரி ராபர்ட் கிளைவ் உடனிருந்தும் தடுக்க முடியவில்லை. அதே அணியிலிருந்த ஆப்பிரிக்க வீரர்களோ நின்று போரிட்டு, மாண்டவர்களையும் காயம்பட்டவர்களையும் தூக்கி வந்தார்கள் என்கிறார் அக்கால வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம்.

ஓடவைத்தது குண்டுதானே, ஒலியா என்று கேட்கலாம். இரண்டையும் பிரிப்பது கடினம்தான். ஆனால் ஒரே களத்தில், ஒரே முழக்கத்தின் முன் ஒரு கூட்டம் ஓட, மற்றொன்று நின்றிருக்கிறது. அப்படியானால் ஒலியின் வலிமை பாதிக்குமேல் கேட்பவன் மனத்தில்தான் இருக்கிறது. பழந்தமிழ் அரசர்கள் இதை அறிந்திருந்தார்கள். பகைவனின் காவல்மரத்தை வெட்டி முரசு செய்தார்கள், அதற்குப் பலியிட்டார்கள், அதைப் பறிகொடுப்பதைத் தோல்வியாகவே எண்ணினார்கள். முரசு தன் படைக்கு ஊக்கம், எதிரிக்கு நடுக்கம்; ஆளைக் கொல்லும் வேலை வாளுக்கும் வேலுக்கும் உரியது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் தங்கள் ஸ்டூகா குண்டுவீச்சு விமானங்களில் ஊளையிடும் சங்கு பொருத்தியதும் இதே கணக்கில்தான்.

முரசு வெறும் தோல், இன்றைய ஒலி ஆயுதங்கள் வேறு என்பார்கள். கருவி மாறினாலும் இயற்பியல் மாறவில்லை. திறந்தவெளியில் தொலைவு இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் காதைக் கிழிக்கும் 140 டெசிபல், நூறு மீட்டரில் 100 ஆகிவிடும்; அது எரிச்சலூட்டும், ஆளைச் சாய்க்காது. காதுக்கு எட்டாத தாழொலியைக் குறிபார்த்து ஏவலாம் என்பதும் எளிதல்ல: 10 ஹெர்ட்ஸ் அலையின் நீளமே ஏறத்தாழ 34 மீட்டர், அதை ஒரு திசையில் செலுத்த அதைவிடப் பெரிய கருவி வேண்டும். 2005இல் சோமாலியக் கடலில் ஒரு சொகுசுக் கப்பல் நெடுந்தொலைவு ஒலிக்கருவியால் கொள்ளையரை எதிர்கொண்டதைச் சிலர் வெற்றியாகச் சொல்வார்கள். அங்கும் நீர்க்குழாயும் கப்பலின் வேகமும் சேர்ந்தே காப்பாற்றின.

ஆனால் அருகில் நிற்பவரின் செவியை இந்த நெடுந்தொலைவு ஒலிக்கருவி நிரந்தரமாகக் கெடுக்கக்கூடும். 2009இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் போராட்டக்காரர்கள்மீது காவல்துறை இதைத் திருப்பியபோது, அருகிலிருந்த பேராசிரியை ஒருவரின் செவி பாதிக்கப்பட்டது. நகராட்சி இழப்பீடு தந்தது. ஆயத்தமாக வரும் படைக்கு முன் தோற்கும் இந்த ஆயுதம், வெறுங்கையோடு தெருவில் நிற்பவர்களைத்தான் காயப்படுத்துகிறது. கூட்டத்தைக் கலைக்க இதை வாங்க நினைக்கும் எந்த அரசையும் நாம் கேள்வி கேட்க வேண்டும்.